மைனஸ் 30-ல் டர்போ கார் மக்கர் பண்ணுதா? 3,500 டாலர் பில் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!



நம்ம சேனல்ல வழக்கமா சம்பளம், சேமிப்பு, இன்சூரன்ஸ், முதலீடுன்னுதான் பேசுவோம். இன்னைக்கு கார் இன்ஜின் பத்திப் பேசப் போறோம். "ஃபைனான்ஸ் சேனல்ல மெக்கானிக் வேலை எதுக்கு?"ன்னு நீங்க கேட்கலாம். காரணம் இருக்குங்க.

கனடாவுக்கு வேலைக்குப் போய், எட்மன்டன், கால்கரி, சாஸ்கட்டூன், வின்னிபெக் பக்கம் செட்டில் ஆகுற நம்ம ஆட்களுக்கு கார் ஆடம்பரம் இல்லை. மைனஸ் 30 டிகிரியில பஸ் ஸ்டாப்ல அரை மணி நேரம் நின்னு பார்த்தவங்களுக்கு அது புரியும். கார் இல்லைன்னா வேலைக்குப் போறதே கஷ்டம். அந்தக் கார் ஜனவரி மாசம் ஒரு காலையில "செக் இன்ஜின்" லைட்டைப் போட்டுட்டு, இழுக்காம நின்னா? நீங்க பதட்டத்துல ஒரு கராஜுக்குப் போவீங்க. "டர்போ போச்சு, 3,500 டாலர் ஆகும்"னு சொன்னா, வேற வழி இல்லைன்னு கிரெடிட் கார்டைத் தேய்ப்பீங்க.

அந்த ஒரு தேய்ப்புக்கு என்ன விலைன்னு ஒரு சின்ன கணக்கு போடலாம். 3,500 டாலர், 20.99% வட்டி, மாசம் 150 டாலர் கட்டுறீங்கன்னு வைங்க. கடன் முடிய சுமார் 30 மாசம் ஆகும். வட்டி மட்டுமே 1,000 டாலரைத் தாண்டும். ஆக, ஒரு காலையில எடுத்த முடிவுக்கு ரெண்டரை வருஷம் தவணை.

இதுல கொடுமை என்னன்னா, கடும் குளிர்ல டர்போ கார் மக்கர் பண்ணும்போது பல நேரம் டர்போ குற்றவாளியே இல்லை. அது பலிகடா. உண்மையான குற்றவாளி ஒரு குழாய்ல உறைஞ்ச ஐஸா இருக்கலாம், வயசான பேட்டரியா இருக்கலாம், 15 டாலர் கிளாம்ப்பா இருக்கலாம். காரணத்தைச் சரி பண்ணாம புது டர்போ மாட்டினா, அடுத்த குளிர்ல அதுவும் அதே வழியில போகும்.

அதனால இன்னைக்கு நாம பார்க்கப் போறது ஒரு செலவுப் படிக்கட்டு. 0 டாலர் சோதனையில ஆரம்பிச்சு, ஒவ்வொரு படியா மேல போவோம். கீழ்ப் படியை முடிக்காம மேல்படிக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் ரூல். வாங்க பார்க்கலாம்.

முதல்ல, குளிர்ல டர்போ இன்ஜினுக்கு என்னதான் ஆகுது?

டர்போ ரொம்ப சிம்பிளான ஐடியா. இன்ஜின்ல இருந்து வெளியே போற சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுத்த வைக்கும். அதே தண்டோட மறுமுனையில இருக்கிற இன்னொரு சக்கரம், வெளிக்காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து அதிகம், சக்தி அதிகம். அதனாலதான் 1.5 லிட்டர் இன்ஜின் ஒரு பெரிய எஸ்யூவியை இழுக்குது.

அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல சுத்தும். அதைத் தாங்குறது ஒரு மெல்லிய ஆயில் படலம். மைனஸ் 30-ல மூணு விஷயம் ஒரே நேரத்துல நடக்கும்.

ஒண்ணு, ஆயில் தேன் மாதிரி கெட்டியாகும். ஸ்டார்ட் பண்ணினதும் டர்போ வரைக்கும் ஆயில் போய்ச் சேர நேரம் எடுக்கும்.

ரெண்டு, தண்ணி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா உருவாகும். ஆச்சரியமா இருக்குல்ல? பெரும்பகுதி சைலன்சர் வழியா வெளியே போயிடும். அதுல ஒரு சின்னப் பங்கு பிஸ்டன் ஓரமா நழுவி, இன்ஜினோட அடிப்பகுதிக்குள்ள இறங்கும். அந்த வாயுவைத் திரும்ப இழுத்து எரிக்கத்தான் பிசிவி-ன்னு ஒரு வால்வும் குழாயும் இருக்கு. ஈரமான அந்த வாயு, குளிர்ந்த குழாய்ல போகும்போது என்ன ஆகும்? ஐஸ் ஆகும்.

மூணு, இன்ஜின் முழுசா சூடாகுறதே இல்லை. வீட்ல இருந்து ஆபீஸ் 10 நிமிஷம்னா, அந்த 10 நிமிஷத்துல தண்ணியும் பெட்ரோலும் ஆயிலைவிட்டு ஆவியாகி வெளியே போக வாய்ப்பே கிடைக்காது. தினமும் கொஞ்சம் கொஞ்சமா சேரும்.

இந்த மூணையும் மனசுல வெச்சுக்கோங்க. கீழ வரப்போற எல்லாப் பிரச்சினைக்கும் வேர் இதுலதான் இருக்கு.

இன்னொரு குட்டி விஷயம். வானிலை ஆப்ல "மைனஸ் 28, ஆனா மைனஸ் 40 மாதிரி இருக்கும்"னு போடுவாங்க. அந்த மைனஸ் 40 காத்து வீசுறதால நம்ம தோலுக்கு வர்ற உணர்வு. காருக்கு அது கிடையாது. காத்து அடிச்சா கார் சீக்கிரம் ஆறும், ஆனா மைனஸ் 28-க்குக் கீழ போகாது. அதனால காருக்கு எப்பவும் நிஜமான வெப்பநிலையைப் பாருங்க.

படி 1: 0 டாலர், 10 நிமிஷம்

இந்தப் படியை உங்க பார்க்கிங்லயே, அந்தக் குளிர்லயே பண்ணணும். ஏன்னு கேட்டா, இங்கதான் சூட்சுமம் இருக்கு. கராஜ் உள்ள ஹீட்டர் ஓடும். கார் அங்க ரெண்டு மணி நேரம் நின்னாலே ஐஸ் உருகிடும். மெக்கானிக் பானெட்டைத் திறக்கும்போது சாட்சியே இருக்காது. அவர் கண்ணுக்குத் தெரியுறது டர்போ பக்கத்துல வழிஞ்ச ஆயில் மட்டும்தான். அதைப் பார்த்து "டர்போ சீல் போச்சு"ன்னு முடிவு பண்ணிட்டா, அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது. அதனால சாட்சியை நீங்கதான் பிடிச்சு வைக்கணும். போன்ல போட்டோ, வீடியோ, அன்னைக்கு என்ன வெப்பநிலை, எத்தனை கிலோமீட்டர் ஓட்டினதுக்கு அப்புறம் ஆச்சு, எல்லாத்தையும் குறிச்சுக்கோங்க.

என்னென்ன பார்க்கணும்?

1. ஸ்டார்ட் ஆகுற சத்தம். மெதுவா, இழுத்து இழுத்து சுத்துதா? அப்போ முதல் சந்தேகம் பேட்டரி மேல. பேட்டரி வோல்டேஜ் குறைஞ்சா கம்ப்யூட்டர் குழம்பி, சம்பந்தமே இல்லாத நாலஞ்சு எச்சரிக்கை லைட்டைப் போடும்.

2. டிப்ஸ்டிக். ஆயில் அளவு குறைஞ்சிருந்தா எங்கேயோ லீக் ஆகுது, இல்லை எரியுது. அளவு *ஏறியிருந்தா* அதுவும் பிரச்சினைதான்! பெட்ரோல் ஆயில்ல கலந்திருக்கலாம். மோந்து பாருங்க, பெட்ரோல் வாசம் அடிக்கும். டிப்ஸ்டிக் தன் இடத்தைவிட்டு மேல தள்ளி நின்னா, உள்ள அழுத்தம் ஏறியிருக்குன்னு அர்த்தம்.

3. ஆயில் மூடியோட அடிப்பக்கம். வெளிர் மஞ்சள்ல, மயோனைஸ் மாதிரி நுரை ஒட்டியிருக்கா? தண்ணியும் ஆயிலும் கலந்த நுரை அது. குளிர்காலத்துல சின்ன தூரம் மட்டும் ஓட்டுற கார்ல கொஞ்சம் இருக்கிறது சகஜம். நிறைய இருந்தா, பிசிவி குழாய்லயும் அதே ஈரம் உறைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். கூலன்ட் அளவும் குறைஞ்சுக்கிட்டே போனா அது வேற கதை, உடனே கராஜ்.

4. புகையோட நிறம். வெள்ளை ஆவி குளிர்ல சகஜம், பயப்படாதீங்க. நீலப் புகைன்னா ஆயில் எரியுது. கறுப்புன்னா பெட்ரோல் அதிகமா போகுது, இல்லை காத்து கம்மியா வருது.

5. ஏர் ஃபில்டர். பனிப்புயல்ல ஹைவேயில ஓட்டினா, காத்து இழுக்கிற வாயிலும் ஃபில்டர்லயும் பனித்தூள் போய் அடைச்சுக்கும். காருக்கு மூக்கடைப்பு! தட்டிவிட்டா போச்சு.

6. ரப்பர் ஹோஸ். டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல போற தடிமனான குழாய்கள். குளிர்ல ரப்பர் இறுகி, கிளாம்ப் பிடி தளர்ந்து, காத்து கசியும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது "உஸ்ஸ்"னு புதுசா ஒரு சத்தம் வந்தா இங்க பாருங்க. இன்ஜின் ஓடும்போது கை வைக்காதீங்க.

சிவப்பு நிற ஆயில் லைட் எரிஞ்சா மேல சொன்ன எதையும் பார்க்க வேண்டாம். உடனே இன்ஜினை ஆஃப் பண்ணுங்க, டோ வண்டியைக் கூப்பிடுங்க. டோ செலவைப் பார்த்து "வீட்டுக்குப் போயிடலாம்"னு ஓட்டினா, 3,500 டாலர் பிரச்சினை முழு இன்ஜின் பிரச்சினையா மாறும்.

இன்னொரு இலவச சோதனை: சூடான பார்க்கிங்

ஹீட்டர் இருக்கிற அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்ல காரை சில மணி நேரம் விட்டுப் பாருங்க. நண்பரோட அபார்ட்மென்ட்டா இருக்கலாம், மாலா இருக்கலாம். வெளியே எடுத்து ஓட்டும்போது பிரச்சினை காணாம போய், மறுபடி ரெண்டு நாள் குளிர்ல நின்னதும் திரும்ப வந்தா, சந்தேகம் ஐஸ், பேட்டரி, ஹோஸ் பக்கம் போகுது. டர்போ சக்கரம் உடைஞ்சிருந்தா சூட்டுலயும் அது உடைஞ்சதாத்தான் இருக்கும். வெயிலைப் பார்த்து எந்த டர்போவும் குணமாகாது!

ஆனா ஒண்ணு. ஐஸ் அடைச்சதால உள்ள அழுத்தம் ஏறி, இன்ஜினோட பின்பக்க சீல் ஏற்கெனவே வெளியே தள்ளப்பட்டிருந்தா, ஐஸ் உருகினாலும் ஆயில் லீக் நிக்காது. பார்க்கிங் தரையில ஆயில் சொட்டு இருக்கான்னு கட்டாயம் பாருங்க.

படி 2: 30 டாலர்

ஓபிடி ஸ்கேனர்னு ஒரு சின்ன கருவி, ப்ளூடூத்ல போன்கூட சேரும். ஆன்லைன்ல 30 டாலர் சுமாருக்கு நல்லதே கிடைக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கிற சாக்கெட்ல சொருகினா, செக் இன்ஜின் லைட்டுக்குப் பின்னாடி இருக்கிற கோடைக் காட்டும். குளிர்ல டர்போ கார்ல அடிக்கடி வர்றது இவை:

பி0299: டர்போ தர வேண்டிய காத்தழுத்தம் கம்மி. இதைப் பார்த்ததும் "டர்போ போச்சு"ன்னு சொல்றவங்கதான் அதிகம். ஆனா இந்தக் கோட் சொல்றது "அழுத்தம் கம்மி"ன்னு மட்டும்தான், "ஏன்"னு சொல்லாது. ஹோஸ் கசிவு, இன்டர்கூலர்ல ஐஸ், இறுகிப்போன வேஸ்ட்கேட், அடைச்ச ஃபில்டர், எல்லாத்துக்கும் இதே கோட்தான்.

பி0234: அழுத்தம் அதிகம். அழுத்தம் மிஞ்சும்போது புகையைத் திசை திருப்பி விடுறதுக்கு வேஸ்ட்கேட்னு ஒரு கதவு இருக்கு. அதோட கம்பியோ, அதுக்குப் போற மெல்லிய குழாயோ ஐஸ்ல இறுகினா கதவு திறக்காது.

பி0128: இன்ஜின் சூடாக வேண்டிய அளவுக்கு சூடாகலை. பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கிட்டிருக்கும். கேபின் ஹீட்டர் வெதுவெதுப்பாத்தான் வரும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். இதை அலட்சியம் பண்ணினா ஆயில்ல பெட்ரோல் கலக்குறது இன்னும் மோசமாகும்.

பி0171: காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. எங்கேயோ கணக்குல வராத காத்து உள்ள நுழையுது. ஹோஸ், பிசிவி குழாய்ல வெடிப்பு இருக்கான்னு பார்க்கணும்.

கோடை உடனே அழிச்சிடாதீங்க. முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அதுகூட சேமிச்சிருக்கிற விவரத்தையும் எடுத்து வைங்க. அந்த நிமிஷம் கூலன்ட் எத்தனை டிகிரி, இன்ஜின் எத்தனை சுற்று, எவ்வளவு வேகம்னு அதுல இருக்கும். மெக்கானிக்குக் கொடுக்க இதைவிட நல்ல சாட்சி இல்லை.

பேட்டரியையும் இந்தப் படியிலேயே முடிச்சிடலாம். பேட்டரி மேல எழுதியிருக்கிற குளிர் ஸ்டார்ட் ஆம்பியர் கணக்கு, மைனஸ் 18 டிகிரியில, புது பேட்டரிக்கு எடுத்தது. அதைவிடக் குளிர்ல, நாலஞ்சு வருஷம் பழசான பேட்டரி அதுல பாதியைக் கொடுத்தாலே பெருசு. ராத்திரி முழுக்க நின்ன கார்ல 12.6 வோல்ட் இருந்தா முழு சார்ஜ். 12.4-க்குக் கீழன்னா சார்ஜ் பண்ணணும். 12.0-ன்னா கிட்டத்தட்ட காலி. பல உதிரிபாகக் கடைகள்ல பேட்டரி டெஸ்ட் இலவசமாவே பண்ணித் தருவாங்க.

எச்சரிக்கை: காலியான பேட்டரி உள்ளேயே உறைஞ்சு போகும். பக்கவாட்டுல உப்பியிருந்தா ஜம்ப் ஸ்டார்ட் பண்ணாதீங்க, வெடிக்கலாம்.

படி 3: 100 முதல் 250 டாலர்

இப்போ மெக்கானிக்கிட்ட போகலாம். ஆனா "டர்போ மாத்துங்க"ன்னு போகாதீங்க, "கண்டுபிடிச்சுக் கொடுங்க"ன்னு போங்க. கண்டுபிடிக்கிறதுக்கு ஒரு மணி நேரக் கூலி கொடுக்கிறது வீண் செலவு இல்லைங்க. 3,500 டாலர் தப்பான முடிவுக்கு எதிரான இன்சூரன்ஸ் பிரீமியம் அது.

கேட்க வேண்டியது மூணே மூணு:

* ஸ்மோக் டெஸ்ட். காத்து போற பாதைக்குள்ள புகையை அடிச்சு, எங்க கசியுதுன்னு பார்ப்பாங்க. ஹோஸ், கிளாம்ப், இன்டர்கூலர் எல்லாம் ஒரே சோதனையில தெரிஞ்சிடும்.

* இன்ஜின் அடிப்பகுதி அழுத்த சோதனை. பிசிவி அடைச்சிருக்கான்னு இது சொல்லும். டர்போவுக்குப் போன ஆயில் கீழ இன்ஜினுக்கே வடிஞ்சு வரணும். உள்ள அழுத்தம் ஏறினா ஆயில் வடிய முடியாது. முட்டி நின்னு, டர்போ சீல் வழியா கசிஞ்சு எரியும். நீலப் புகை வரும். பார்க்கிறவங்க கண்ணுக்கு டர்போ செத்த மாதிரியே இருக்கும். ஆனா குழாயைச் சுத்தம் பண்ணினா, டர்போ பல நேரம் பிழைச்சுக்கும்.

* ராத்திரி முழுக்க வெளியே விட்டு, காலையில பாருங்க. இதை வாயைத் திறந்து கேளுங்க. குளிர்ல வர்ற நோயைக் குளிர்லதான் பார்க்கணும்.

இந்தப் படியில கிடைக்கிற தீர்வுகள் பெரும்பாலும் நூறுகள்லயே முடியும். பிசிவி வால்வு, குழாய், தெர்மோஸ்டாட், ஹோஸ், சென்சார், இந்த மாதிரி.

படி 4: நிஜமாவே டர்போ போயிருந்தா?

போகவும் செய்யும். ஆனா அதுக்கு நேரடி ஆதாரம் இருக்கணும். காத்துக் குழாயைக் கழட்டி, டர்போ தண்டைக் கையால ஆட்டிக் காட்டச் சொல்லுங்க. பக்கவாட்டுல இம்மியளவு ஆட்டம் சகஜம். முன்னும் பின்னும் ஆடினாலோ, சக்கரத்தோட இதழ் சுவர்ல உரசின தடம் இருந்தாலோ, இதழ் நெளிஞ்சிருந்தாலோ டர்போ போச்சு. போட்டோ கேளுங்க. நல்ல மெக்கானிக் தயங்காம காட்டுவார்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "எதனால போச்சு?" ஆயில் வராததாலயா, பிசிவி அடைப்பாலயா, பழைய ஆயிலாலயா? பதில் இல்லாம புது டர்போ மாட்ட சம்மதிக்காதீங்க. டர்போவுக்கு ஆயில் கொண்டு போற குழாயையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க.

ஹோண்டா கதை சொல்ற பாடம்

"நான் கார் சரியாத்தான் பார்த்துக்கிட்டேன், எனக்கு ஏன் ஆச்சு?"ன்னு தோணலாம். சில நேரம் தப்பு உங்க மேலயே இருக்காது. ஹோண்டாவோட 1.5 லிட்டர் டர்போ இன்ஜின் நல்ல உதாரணம். சிஆர்-வி, சிவிக் கார்கள்ல வந்தது. குளிரான பகுதிகள்ல சின்னச் சின்ன தூரம் ஓட்டினவங்களுக்கு ஆயில் அளவு ஏறிக்கிட்டே போச்சு. பெட்ரோல் ஆயில்ல கலந்ததுதான் காரணம். 2018-ல் சீனாவுல புது சிஆர்-வி விற்பனையையே கொஞ்ச காலம் நிறுத்தி, ஓடிக்கிட்டிருந்த கார்களைத் திரும்ப அழைக்க வேண்டிய நிலைமை வந்துச்சு. வட அமெரிக்காவுல சாஃப்ட்வேர் மாற்றம் கொடுத்து, அந்த இன்ஜின் வாரன்டியையும் நீட்டிச்சாங்க.

இதுல நமக்கு என்ன பாடம்? உங்க பிரச்சினை உங்களுக்கு மட்டும் வந்ததா இல்லாம இருக்கலாம். கம்பெனிக்கே தெரிஞ்சு, இலவசமாவே சரி பண்ணித் தர வழி இருக்கலாம். கேட்காதவங்களுக்குக் கிடைக்காது.

கையை விட்டுக் கட்டுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி

1. வாரன்டி இருக்கா? கனடாவுல பெரும்பாலான கம்பெனிகள் இன்ஜின், கியர்பாக்ஸுக்கு 5 வருஷம் அல்லது 100,000 கி.மீ. தர்றாங்க. டர்போ அதுல வருதான்னு உங்க வாரன்டி புத்தகத்துல பாருங்க. பழைய கார் வாங்கினவங்களுக்கும் மீதி இருக்கலாம்.

2. ரீகால் இருக்கா? காரோட 17 எழுத்து வின் நம்பரை கம்பெனி வெப்சைட்ல போட்டா தெரியும். டிரான்ஸ்போர்ட் கனடா வெப்சைட்லயும் மாடல் வாரியா தேடலாம். 2 நிமிஷ வேலை, இலவசம்.

3. டெக்னிகல் புல்லட்டின் இருக்கா? ரீகால் அளவுக்குப் போகாத பிரச்சினைகளுக்கு கம்பெனி டீலர்களுக்கு அனுப்புற சுற்றறிக்கை இது. "இந்த மாடலுக்குக் குளிர்காலத்துல இந்த அறிகுறிக்கு ஏதாவது புல்லட்டின் வந்திருக்கா?"ன்னு டீலர்கிட்ட நேரடியா கேளுங்க.

4. எழுத்துல எஸ்டிமேட் இருக்கா? ஒன்டாரியோவுல சட்டப்படி எழுத்துல எஸ்டிமேட் கேட்டு வாங்கலாம். கடைசி பில் அதைவிட 10%-க்கு மேல போகக் கூடாது. மாத்தின பழைய பாகத்தைத் திரும்பக் கேட்கலாம். புதுசாப் போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் குறைஞ்சது 90 நாள் அல்லது 5,000 கி.மீ. வாரன்டி உண்டு. மத்த மாகாணங்கள்ல விதி வேற மாதிரி இருக்கும், ஆனா எழுத்துல கேட்கிறதை எங்கேயும் யாரும் தடுக்க முடியாது.

ஆயில் மாத்தின ரசீதை எல்லாம் ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. வாரன்டி கேட்கும்போது "ஒழுங்கா ஆயில் மாத்தலை"ன்னு ஒரு பதில் வந்தா, அந்த ஃபோல்டர்தான் பேசும்.

வருமுன் காக்கும் செலவு எவ்வளவு?

எட்மன்டன், வின்னிபெக் தெருவுல நடந்தா, கார் முன்பக்க கிரில்ல இருந்து ஒரு பிளக் தொங்குறதைப் பார்க்கலாம். புதுசா வர்றவங்க "இத்தனை எலக்ட்ரிக் காரா!"ன்னு நினைச்சுப்பாங்க. அது பிளாக் ஹீட்டர். இன்ஜினைக் கரன்ட்ல சூடு பண்ணும். பல பார்க்கிங்ல அதுக்குன்னே பிளக் பாயின்ட் இருக்கும்.

கணக்கு பார்ப்போம். 400 வாட் ஹீட்டர், யூனிட்டுக்கு 15 சென்ட்னு வைங்க. ராத்திரி முழுக்க 12 மணி நேரம் போட்டா 4.8 யூனிட், 72 சென்ட். 120 நாளைக்கு 86 டாலர். டைமர் போட்டு, கிளம்புறதுக்கு முன்னாடி 3 மணி நேரம் மட்டும் ஓடவிட்டா 1.2 யூனிட், 18 சென்ட். 120 நாளைக்கு 22 டாலருக்கும் கம்மி. பலன் ஏறக்குறைய ஒண்ணுதான். ஒரு வெளிப்புற டைமரோட விலை முதல் குளிர்காலத்துலயே திரும்ப வந்திடும். வயர் மட்டும் வெளிப்புறத்துக்குன்னு எழுதின தடிமனான வயரா வாங்குங்க.

மத்ததெல்லாம் பழக்கம்தான்:

* ஆயில்: கையேட்ல சொன்ன கிரேடு, முழு சிந்தெடிக். 0டபிள்யூ-20-ல இருக்கிற 0டபிள்யூ, மைனஸ் 35 டிகிரியில சோதிச்சுக் கொடுக்கிற குளிர்கால அளவு. 5டபிள்யூ-வை மைனஸ் 30-ல, 10டபிள்யூ-வை மைனஸ் 25-ல சோதிப்பாங்க. 10 டாலர் மிச்சம்னு கிரேடை மாத்தாதீங்க. சின்ன தூரமே ஓட்டுறீங்கன்னா, கையேட்ல "கடினமான பயன்பாடு"ன்னு இருக்கிற இடைவெளியில மாத்துங்க.

* வார்ம் அப்: மைனஸ் 30-ல ரெண்டு மூணு நிமிஷம் ஓடவிட்டு, அப்புறம் மெதுவா ஓட்ட ஆரம்பிங்க. நின்ன இடத்துல அரை மணி நேரம் ஓடவிட்டா பெட்ரோல்தான் கரையும், ஆயில்ல ஈரம் சேரும். மூடின கராஜுக்குள்ள மட்டும் எப்பவுமே ஓடவிடாதீங்க. கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

* முதல் 15 நிமிஷம்: மீட்டர்ல கூலன்ட் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் இன்னும் சூடாகியிருக்காது. அதுவரைக்கும் 3,000 சுற்றுக்கு மேல மிதிக்காதீங்க.

* வாரம் ஒரு நீண்ட ஓட்டம்: ஞாயித்துக்கிழமை கோயிலுக்கோ, தமிழ்க் கடைக்கோ போகும்போது ஹைவேயில 30, 40 நிமிஷம் ஓட்டுங்க. சேர்ந்த தண்ணியும் பெட்ரோலும் ஆவியாகி வெளியே போக இதைவிட மலிவான மருந்து இல்லை.

கடைசியா, பணக் கணக்கு

டர்போ கார் வெச்சிருக்கீங்கன்னா, எமர்ஜென்சி ஃபண்டுக்குள்ள "குளிர்கால கார் ஃபண்ட்"னு தனியா ஒரு சின்ன பெட்டி போடுங்க. மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் 6 மாசம், மாசம் 150 டாலர். நவம்பர்ல 900 டாலர் கையில இருக்கும். ஒரு புது பேட்டரி, ஒரு டயக்னோசிஸ், ஒரு தெர்மோஸ்டாட், இந்த மாதிரி செலவுக்கு அது பெரிய உதவி. ஆரம்பத்துல பார்த்த கிரெடிட் கார்டு தவணையும் அதே 150 டாலர்தான், ஞாபகம் இருக்கா? குளிருக்கு முன்னாடி எடுத்து வெச்சா 6 மாசம். பின்னாடி கட்டினா 30 மாசம்.

பழைய கார் வாங்கப் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆபீஸ் 10 நிமிஷ தூரம், பிளக் பாயின்ட் இல்லாத பார்க்கிங், மைனஸ் 30 ஊர்: இந்த மூணும் உங்களுக்குப் பொருந்தினா, டர்போ இல்லாத சாதாரண இன்ஜின் கார் ஒண்ணையும் கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்க. மைலேஜ்ல கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனா கெட்டுப்போக ஒரு பாகம் கம்மி.

இந்த வருஷம் புதுசா கனடா போன நண்பர், தம்பி, தங்கச்சி யாராவது இருந்தா, முதல் பனி விழறதுக்குள்ள இதை அவங்களுக்கு அனுப்பி வைங்க. ஸ்கேனர்ல கோட் படிக்கிறது எப்படின்னு தனியா ஒரு வீடியோ வேணும்னா சொல்லுங்க, பண்ணிடலாம். அடுத்த பதிவுல சந்திப்போம்.